ஓர் அரை மில்லிமீட்டர்ப் பொய்



மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவன் மோட்டார் எஞ்சினைப் பற்றி என்ன எழுதப் போகிறான் என்று நீங்கள் வியக்கக்கூடும். நான் பட்டம் பெற்றது வரலாற்றுப் பாடத்தில். அதன் பின்னர் நான் நாடிக் கற்றது மார்க்கக் கல்வி. ஆயினும், வாழ்நாள் முழுவதும் என்னுடன் வரும் ஒரு பாடத்தை இவ்விரண்டு இடங்களிலும் நான் கற்கவில்லை. பேருந்துகளுக்குக் கூடு கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற கரூரில், ஒரு சிறு பட்டறையின் எண்ணெய் படிந்த தரையில் அமர்ந்து கற்றேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அது 2004ஆம் ஆண்டின் கோடைகாலம். கல்லூரியின் இறுதித் தேர்வை எழுதிவிட்டுப் பள்ளப்பட்டியில் வீட்டிலிருந்தேன். என் அத்தாவிடம் ஒரு வாடகைக் கார் இருந்தது. 1984ஆம் ஆண்டின் அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வார்ப்பில் உருவாகி, 2014ஆம் ஆண்டில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நிறுத்தப்படும் வரை நம் நாட்டுச் சாலைகளை ஆண்ட வண்டி அது. எங்கள் குடும்பத்தின் அரிசியும் பருப்பும் என் கல்லூரிக் கட்டணமும் அதன் சக்கரங்களிலிருந்துதான் வந்தன. நிக்காஹ் வீட்டார், பிரசவத்துக்குப் போகும் பெண்கள், மருத்துவமனைக்குச் செல்லும் முதியவர்கள் என்று அந்த வண்டியில் ஏறாத குடும்பம் எங்கள் தெருவில் இல்லை.

அதன் 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் இருபது ஆண்டு உழைப்பில் தேய்ந்து, எண்ணெயைக் குடித்துப் புகையைக் கக்கத் தொடங்கியது. எட்டுப் பேர் ஏறினால் மலைப்பாதையில் மூச்சு வாங்கியது. புது வண்டி வாங்க வசதியில்லை. அந்நேரத்தில், விபத்தில் நொறுங்கிய ஒரு காண்டெஸா காரின் டீசல் எஞ்சின் கோயம்புத்தூரில் ஒரு பழைய உதிரிப்பொருள் கடைக்கு வந்திருப்பதாக அத்தாவுக்குத் தெரிய வந்தது. ஜப்பானின் இசுஸு நிறுவனத்தின் வடிவமைப்பில் உருவான, டர்போ பொருத்தப்பட்ட 1,995 கன சென்டிமீட்டர் எஞ்சின். அம்மாவின் வளையல் ஒன்று அடகுக்குப் போயிற்று. எஞ்சின் கரூருக்கு வந்து சேர்ந்தது.

டர்போ என்றால் என்னவென்று நம் தாய்மார்களுக்கு விளக்குவது எளிது. விறகடுப்பில் ஊதுகுழல் கொண்டு ஊதினால் தீ கொழுந்து விட்டு எரிகிறதல்லவா? எஞ்சினுக்கும் அப்படியே. கூடுதலாகக் காற்றைச் செலுத்தினால் கூடுதலாக எரிபொருளை எரித்து வலிமை பெறலாம். ஆனால் ஊதுவதற்கு யார் இருக்கிறார்? சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூஹி என்னும் பொறியாளர் 1905ஆம் ஆண்டில் இதற்கு வழி கண்டு காப்புரிமை பெற்றார். வெளியேறிச் செல்லும் வெப்பப் புகையையே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றச் செய்து, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை உள்ளே அழுத்துவதே அவ்வழி. வீணாகப் போகும் புகைதான் இங்கே ஊதுகிறது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கும் மேலாகச் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எஞ்சின் மாற்றுவது வீட்டில் அடுப்பு மாற்றுவது போன்றதன்று. எஞ்சின் எண்ணும் எரிபொருள் வகையும் பதிவுச் சான்றில் எழுதப்பட்டவை. அத்தா முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மனுச் செய்து, அனுமதி கிடைத்த பிறகே பழைய எஞ்சினை இறக்கினார். இன்று விதிகள் இன்னும் இறுக்கமானவை. உற்பத்தியாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. எனவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு எந்த இளைஞரும் அனுமதியின்றி இவ்வேலையில் இறங்க வேண்டாம்.

பட்டறையின் மேஸ்திரி ஐம்பது வயதைக் கடந்தவர், பேருந்துக் கூடு கட்டும் தொழிலில் தொடங்கியவர், இந்துச் சகோதரர். கூலியைக் குறைப்பதற்காக அத்தா என்னை அவரிடம் கையாளாக விட்டார். அந்த வேலையின் தன்மையை அங்கேதான் அறிந்தேன். ஓர் எஞ்சினை அதற்கென்று அமையாத வண்டியில் வைக்கும்போது, இடையில் வரவேண்டிய எந்தப் பாகமும் கடையில் கிடைக்காது. ஒவ்வொன்றையும் நாமே அளந்து, வெட்டி, கடைந்து, பற்றவைத்து உண்டாக்க வேண்டும். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் பிராக்கெட்டுகளுக்குப் பழைய காலண்டர் அட்டையில் அச்சு வெட்டினார் மேஸ்திரி. அட்டை சரியாகப் பொருந்திய பிறகே இரும்புத் தகட்டின்மேல் அதை வைத்துக் கோடு கிழித்தார். “அட்டையில தப்புனா அரை நிமிஷம் நட்டம். இரும்புல தப்புனா அரை நாள் நட்டம், தம்பி” என்பார்.

எல்லாவற்றிலும் நுட்பமான வேலை அடாப்டர் பிளேட். எங்கள் எஞ்சினோடு வந்திருக்க வேண்டிய கியர் பாக்ஸை வேறொருவர் முன்னமே வாங்கிச் சென்றிருந்தார். ஆகவே ஒரு வேனின் கியர் பாக்ஸை இணைக்க வேண்டியதாயிற்று. எஞ்சினில் ஓர் அமைப்பில் துளைகள். கியர் பாக்ஸின் முன்பகுதியான பெல் ஹவுசிங்கில் வேறோர் அமைப்பில் துளைகள். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு ஒன்று, இருவருக்கும் பொதுவான நடுவரைப் போல நிற்க வேண்டும். தகட்டின் கனத்தால் கியர் பாக்ஸ் பின்னுக்குத் தள்ளிப் போகுமல்லவா? அதன் தண்டு முனை எஞ்சின் கிராங்கிற்குள் எட்டுவதற்காக நீளமான வெண்கலப் புஷ் ஒன்றும் கடையப்பட்டது.

தகட்டில் துளைகளைப் பொருத்துவது மட்டும் போதாது. கிராங்கின் மையமும் கியர் பாக்ஸ் தண்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மேல் விலகினால் புஷ் தேயும், கிளட்ச் பிளேட் கிழியும். அதனால் மேஸ்திரி பெல் ஹவுசிங்கை மட்டும் தனியே தகட்டில் ஏற்றி, ஃபிளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, ஃபிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றினார். டயலின் முள் ஆடும் பக்கம் பார்த்து, மரச் சுத்தியலால் ஹவுசிங்கைத் தட்டித் தட்டி நகர்த்தினார். முள் ஏறத்தாழ அசைவற்று நின்றபோது பிற்பகல் தொழுகை நேரமாகிவிட்டது. “போல்ட்டையெல்லாம் முறுக்கிட்டு ரெண்டு டவல் பின்னுக்கும் ஓட்டை போட்டுரு. அப்புறம் மறுபடி டயல் வச்சுப் பாரு” என்று சொல்லிவிட்டு, வேறொரு வண்டியைப் பார்க்கப் போனார்.

டவல் பின் என்பது விரல் நுனியளவு உருக்கு முளை. பிறகு எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் ஹவுசிங் அதே இடத்தில் வந்து அமர்வதற்கு அவ்விரு முளைகளே பொறுப்பு. நான் தொழுதுவிட்டு வந்து அவசரமாகப் போல்ட்டுகளை முறுக்கினேன். ஒன்றைச் சரியாக முறுக்கவில்லை. முதல் துளையைப் போட்டேன். இரண்டாவதைப் போடும்போது ஹவுசிங் சற்றே நகர்ந்ததைக் கையில் உணர்ந்தேன். முதல் துளையில் பின் இறங்க மறுத்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மாறாக, வட்ட அரத்தை எடுத்து அந்தத் துளையைச் சிறிது அகட்டினேன். பின் இறங்கிவிட்டது. டயல் கேஜை நான் எடுக்கவேயில்லை. முள் என்ன காட்டும் என்பது எனக்குத் தெரியும்.

மாலையில் மேஸ்திரி வந்து கேட்டார்: “டயல்ல மறுபடி பாத்தியா, தம்பி?”

“பார்த்தேன்” என்றேன்.

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அவர் என்னை நம்பினார். அன்றிரவே கியர் பாக்ஸ் ஏறிற்று. தகடு இனி யார் கண்ணுக்கும் தெரியாது.

அடுத்த பத்து நாட்களில் எஞ்சின் வண்டிக்குள் இறங்கியது. புரொப்பெல்லர் ஷாஃப்டைச் சரியான நீளத்துக்கு வெட்டி ஒட்டிக் கொடுத்தார், பக்கத்துத் தெருவில் லேத் வைத்திருந்த ஒரு பெரியவர். சைலன்சர் குழாய், தண்ணீர்க் குழாய்கள், டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாய், திரும்பி வரும் குழாய் ஆகிய அனைத்தையும் மேஸ்திரி தம் கையால் வளைத்துப் பற்றவைத்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி அத்தா சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமி எழுந்தது. அம்மா நேர்ந்திருந்த பேரீச்சம்பழத்தை அத்தா எல்லோருக்கும் பகிர்ந்தார். சற்று நேரத்தில் சைலன்சரிலிருந்து நீலப் புகை வரத் தொடங்கியது.

மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். பட்டறையில் அப்போது நாங்கள் தவிர, வேறு இரண்டு வண்டிக்காரர்களும் அவரிடம் வேலை கற்கும் மூன்று பையன்களும் நின்றிருந்தனர். அத்தனை பேர் முன்னிலையிலும் அவர் சொன்னார்: “இது என்ற தப்புங்க, பாய். எண்ணெய் திரும்பற குழாயில ஒரு வளைவு வச்சுட்டேன். ஃபிரேம் குறுக்க வந்துச்சுன்னு சோம்பேறித்தனம் பண்ணிட்டேன். இதுக்குக் கூலி வேண்டாங்க.”

டர்போவிலிருந்து எண்ணெய் திரும்புவது அழுத்தத்தால் அன்று, தன் எடையால் வழிந்தே வர வேண்டும். எனவே அக்குழாய் அகலமாகவும் ஒரே சரிவாகவும் இருக்க வேண்டும். நடுவில் தொங்கும் வளைவு இருந்தால் எண்ணெய் தேங்கி, தண்டின் ஓரமாகக் கசிந்து புகையாகும். மேஸ்திரி அந்தக் குழாயை அறுத்தெறிந்துவிட்டு, ஆயில் சம்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே வேறு துளையிட்டு, நேரான புதிய குழாயை வைத்தார். புகை நின்றது. அவருடைய மதிப்பு அந்தப் பட்டறையில் இம்மியும் குறையவில்லை. எனக்கோ அன்றிரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள் வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் கூடியபோது அடியிலிருந்து ஓர் அதிர்வு எழுந்தது. மூன்று நாட்கள் ஓட்டியும் தீரவில்லை. ஷாஃப்டில்தான் குறை என்று மேஸ்திரி முடிவு செய்து, லேத்துக்காரப் பெரியவருக்குச் சொல்லியனுப்பினார். பெரியவர் வந்தார். பேச்சு ஏதுமின்றி ஷாஃப்டைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். அதற்கடுத்த நாள் விடியற்காலை ஒரு டயாலிசிஸ் நோயாளியைக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் செல்வதாக அத்தா வாக்களித்திருந்தார்.

வாசகர்களே, என் நிலையை எண்ணிப் பாருங்கள். உள்ளே மறைந்திருக்கும் ஒரு தகடு. அதைப் பற்றி அறிந்தவர் இருவர்: நானும், எல்லாம் அறிந்த என் இறைவனும். வாய் திறந்தால் அத்தாவுக்குத் தலைகுனிவு. திறக்காவிட்டால் குற்றமற்ற ஒரு முதியவர்மேல் பழி. அதோடு, நோயாளி ஒருவரைச் சுமந்து செல்லும் வண்டி நடுவழியில் நின்றுவிடும் அபாயம். இஷா தொழுகையில் நின்றபோது என்ன ஓதினேன் என்றே நினைவில்லை. சில நாட்களுக்கு முன் மேஸ்திரி அத்தனை பேர் முன்னால் தம் தவறைச் சொன்ன குரல் மட்டும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் அப்படிச் சொல்லியிராவிட்டால், உண்மையைச் சொல்லிவிட்டும் ஒரு மனிதன் தலைநிமிர்ந்து நிற்க முடியும் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

தொழுகை முடிந்ததும் மேஸ்திரியின் வீட்டுக்கு நடந்தேன். திண்ணையில் அமர்ந்திருந்தார். “டயலில் நான் பார்க்கவில்லை. துளையை அரத்தால் அகட்டினேன்” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, “வா, இறக்கிருவோம்” என்றார். அவ்வளவுதான்.

இரவோடிரவாகக் கியர் பாக்ஸை இறக்கினோம். டயல் கேஜைப் பொருத்தி, என்னையே ஃபிளைவீலைச் சுற்றச் சொன்னார். முள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஆடியது. அதாவது மையம் அரை மில்லிமீட்டர் விலகியிருந்தது. வெண்கலப் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து, பொன்னிறத் தூள் உதிர்ந்திருந்தது. மூன்று நாள் ஓட்டத்திலேயே அந்நிலை என்றால், மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தால் என்னவாகியிருக்கும்? புதிய தகடும் புதிய புஷ்ஷும் செய்ய நான்கு நாட்கள் ஆயின. அத்தா அந்த நோயாளிக்கு வேறொருவரின் வண்டியை ஏற்பாடு செய்து, வாடகையைத் தாமே கொடுத்தார். ஒரு நிக்காஹ் சவாரியும் கைவிட்டுப் போயிற்று.

அத்தா என்னை அடிக்கவில்லை. “மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாய், சரி. லேத்துக்காரருக்கு யார் சொல்வது?” என்று மட்டும் கேட்டார். அடியார்களுக்குச் செய்த குற்றத்தை அந்த அடியார் மன்னிக்கும் வரை அது தீராது என்று நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். அதன் பொருள் அந்தத் தெருவில் நடந்து சென்றபோதுதான் எனக்குப் புரிந்தது. பெரியவர் லேத்தின் அருகே ஷாஃப்டைத் தாங்கியில் வைத்து, எத்தனையாவது முறையாகவோ சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் மோடாவில் அமர்ந்துவிட்டார். “ரெண்டு ராத்திரி தூக்கமில்ல, தம்பி. கை நடுங்கற வயசாயிருச்சோன்னு நெனச்சேன். தொழிலை விட்டுரலாமான்னு பையன்கிட்டக்கூடக் கேட்டுட்டேன்” என்றார். அவர் என்னை மன்னித்தார். தேநீரும் வாங்கித் தந்தார். ஆனால் அந்த வார்த்தைகள் இருபது ஆண்டுகள் கடந்தும் என் நெஞ்சில் இருக்கின்றன. அரை மில்லிமீட்டர்ப் பொய் ஒரு முதியவரின் தன்னம்பிக்கையையே அறுக்கப் பார்த்தது.

மதீனாவின் கடைவீதியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் வணிகரைக் கேட்டார்கள். மேற்புறத்தை எவரும் பார்ப்பார். உள்ளே இருப்பதில்தான் நம் ஈமான் சோதிக்கப்படுகிறது. தாவூத் (அலை) அவர்களுக்கு இறைவன் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததோடு, கவசத்தின் வளையங்களை அளவறிந்து இணைக்கவும் பணித்தான். இரும்பை வளைக்கும் ஆற்றலோடு அளவையும் சேர்த்தே கொடுத்தான் என்பதை ஓதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பட்டறையும் டயல் கேஜும் நினைவுக்கு வருகின்றன.

இப்போது என் வேலையும் அளவோடு தொடர்புடையதே. அரபு எழுத்துகளுக்கு வாயில் அதனதன் பிறப்பிடம் உண்டு. அடிநாக்கில் பிறக்க வேண்டிய ஓர் எழுத்தைச் சற்றே முன்னால் நகர்த்தி ஒலித்தால், ‘உள்ளம்’ என்ற சொல் ‘நாய்’ என்று மாறிவிடும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்த தொடக்க ஆண்டுகளில் என் கையில் பிரம்பு இருந்தது. என் வகுப்பில் தவறுகள் குறைவு என்று பெருமைப்பட்டேன். உண்மையில் குறைந்தவை தவறுகள் அல்ல, ஒப்புக்கொள்ளுதலே. பிள்ளைகள் அரத்தை எடுத்துத் துளையை அகட்டிக்கொண்டிருந்தார்கள், நான் அறியவில்லை.

அதை உணர்ந்த நாளில் பிரம்பை அலமாரியில் வைத்தேன். மேஸ்திரியின் வழியைக் கைக்கொண்டேன். ஓதும்போது என் நா தவறினால், “இப்போது நான் தவறாக ஓதினேன்; திருத்திக்கொள்கிறேன்” என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொல்கிறேன். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். சில மாதங்கள் கழித்து ஒரு சிறுவன் வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றான். “ஹஜ்ரத், நேற்று மனப்பாடமாக ஒப்பிக்கவில்லை. கீழே திறந்து வைத்துப் பார்த்து ஓதினேன்” என்றான். அவன் உதடு நடுங்கியது. அந்த நடுக்கத்தை நான் அறிவேன். “வா, முதலிலிருந்து பார்ப்போம்” என்றேன். இரண்டு நாளில் அந்தப் பக்கத்தை ஒரு பிழையுமின்றி ஒப்பித்தான்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை உடைந்த கோப்பையையோ குறைந்த மதிப்பெண்ணையோ மறைக்கிறதென்றால், அது பொய்யனாகப் பிறந்ததால் அன்று. உண்மை சொன்னால் அந்த வீட்டில் நிற்க இடமிருக்குமா என்ற ஐயத்தால்தான். தந்தை ஒரு நாள் மனைவி மக்கள் முன்னால், “இது என் தவறு” என்று சொல்லட்டும். நூறு அறிவுரைகள் செய்யாததை அந்த ஒரு சொல் செய்யும். தவறை மன்னிப்பது வேறு, தவறான பாகத்தை அப்படியே விட்டுவிடுவது வேறு. மேஸ்திரி என்னைக் கடியவில்லை. ஆனால் அந்தத் தகட்டைத் தூக்கியெறிந்தார். இரண்டும் சேர்ந்ததே வளர்ப்பு.

அத்தா அந்த அம்பாசடரை அதற்குப் பின்னரும் பல்லாண்டு ஓட்டினார். மலைப்பாதையில் எட்டுப் பேருடன் ஏறும்போதும் அந்தப் புதிய தகடு தன் இடத்தைவிட்டு அசையவில்லை. அம்மாவின் வளையலும் மீண்டு வந்தது. கெட்டுப்போன பழைய தகட்டை நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். இன்று அது மதரஸாவில் என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு துளை மட்டும் வட்டமாக இல்லை. ஏனென்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்கிறேன்.

மறைவிலும் வெளிப்படையிலும் அளவு தவறாத வாழ்வையும், தவறினால் அதை ஒப்புக்கொள்ளும் துணிவையும், ஒப்புக்கொள்வோரை ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.